நாற்பத்தொரு அரைப்பேர்

ஏஞ்சலினைக் கோபக்காரி என்று அந்தத் தோட்டத்தில் எவரும் சொல்ல மாட்டார்கள். கோழி வந்து முறத்தில் வாய் வைத்தால்கூட "போம்மா, அங்கிட்டுப் போ" என்றுதான் விரட்டுவாள். தெஹியோவிட்டவிலிருந்து மூன்று மைல் மேலே, ரப்பர் மரங்களுக்கு நடுவில், பத்து அறைகள் ஒரே வரிசையில் ஒட்டி நிற்கிற லயத்தில் நான்காவது காம்பரா அவளுடையது. கணவர் ஆண்டவரிடம் போய் ஒன்பது வருடமாகிறது. ஒரே மகள் சரோன், அவிசாவளைப் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலைக்குப் போய் வருகிறாள். ஏஞ்சலினுக்கு வயது நாற்பத்தெட்டு. அதில் இருபத்தாறு வருடம் பால்வெட்டு.

தோட்டத்தின் மேல்பகுதியான மேல்கணக்கில் இருநூற்று எழுபது மரம் அவள் பொறுப்பு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவற்றை வெட்டுவாள், இடைநாளில் வேறு பக்கத்தில் வெட்டு. பட்டையை மட்டும் சீவ வேண்டும். கத்தி உள்ளே இறங்கி மரத்தைத் தொட்டால் அந்த இடம் புண்ணாகி முண்டு முண்டாக வீங்கிவிடும், பிறகு அதில் கத்தி ஓடாது. இருபத்தாறு வருடத்தில் அவள் கையால் காயம் பட்ட மரங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஒவ்வொன்றும் எந்த மரம் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வாள்.

இவளுக்கு மேலே கணக்கப்பிள்ளையாக இருந்தவன் யோகராஜ். முப்பத்திரண்டு வயது. மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்தில் 'யோகா கிங்' என்று பெரிதாக ஒட்டியிருப்பான். தன்னைவிட மூத்தவர்களையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான்.

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. முழு வேலை செய்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். முன்பெல்லாம் அரைப்பேர் விழுந்தால் செக்ரோல் என்கிற பேர்ப் புத்தகத்தில் ஒரு கோடு போடுவார்கள், அதோடு சரி. யோகராஜ் வந்த பிறகு ஒரு புதுப் பழக்கம் வந்தது. காலை ஆறு மணிக்குப் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்தில் எல்லோரையும் நிறுத்தி வைத்து, முதல் நாள் அரைப்பேர் வாங்கியவர்களைக் கடைசியில் தனியாகக் கூப்பிடுவான். "ஜெயம்மா... நேத்து அரைப்பேரு!" என்று மலை எதிரொலிக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்த்துச் சிரிப்பான். காய்ச்சலோடு வந்து நின்றவர்களையும் விட்டதில்லை.

வினை ஒரு வியாழக்கிழமை தொடங்கியது. வரக்காப்பொலயில் ஏஞ்சலினுடைய சின்னம்மா இறந்து போனார். இவள் சாவு வீட்டுக்குப் போன அன்று, இவளுடைய மரங்களை யோகராஜின் மச்சான் சுதர்சன் வெட்டினான். கத்தி பிடிக்கப் பழகி மூன்று மாதம் ஆகாத ஆள். வெள்ளிக்கிழமை தோட்டத்தின் உதவி மேலாளரான சின்னத் துரை மேல்கணக்கு வழியாக நடந்து வந்தபோது, நாற்பதுக்கு மேல் மரங்களில் காயம் இருப்பதைக் கண்டுவிட்டார்.

அன்று பால் நிறுக்கும் கொட்டகையில் எல்லோரும் வாளியோடு வரிசையில் நிற்கும்போது யோகராஜ் முந்திக்கொண்டான். முதலில் துரைக்குச் சிங்களத்தில் சொன்னான். பிறகு எல்லோருக்கும் கேட்கட்டும் என்று தமிழிலும் சொன்னான்.

"செவ்வாக்கெழம காலையில ஏழேகாலுக்கு நான் இவ பின்னாடிதான் நின்னேன். கத்திய ஆழமா எறக்குறா. மெதுவா வெட்டு ஏஞ்சலின்னு சொன்னேன், காதுலயே வாங்கல. கண்ணு மங்கிப் போச்சு, கை நடுங்குது, என்னா செய்ய?"

ஏஞ்சலின் வாளியைக் கீழே வைத்தாள். செவ்வாய்க்கிழமை அவள் பின்னால் நின்றது மரங்கொத்தி மட்டும்தான்.

"தொரை, அது நான் சாவுக்குப் போன வியாழக்கெழம காயங்க. தொட்டுப் பாருங்க, ஈரம் காயல. செவ்வாக்கெழம வெட்டுன காயம்னா இந்நேரம் கறுத்திருக்கும்."

துரை மரத்தைத் தொட்டுப் பார்க்கப் போகவில்லை. கணக்கப்பிள்ளை கண்ணால் கண்டேன் என்கிறான், நேரமும் சொல்கிறான். "கத்திய வச்சிட்டுப் போ" என்றான் யோகராஜ். அவள் கத்தியைப் பலகை மேல் வைத்தாள். மறுநாள் முதல் சில்லறை வேலை. தண்ணீர் ஓடக் கான் வெட்டுவது, புல் அடிப்பது, பாதையில் விழுந்த கொப்பு பொறுக்குவது. அவளுடைய இருநூற்று எழுபது மரமும் சுதர்சன் கைக்குப் போயின.

வேலை போனதைவிடப் பெரிய அடி ஒன்று இருந்தது. கை நடுங்குது என்றானே, அந்தச் சொல். அன்று சாயங்காலம் ஜெபத்துக்கு முழங்காலில் நின்றபோது அவள் தன் இரண்டு கைகளையும் விளக்கு வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள். நடுங்கவில்லை.

அன்றிலிருந்து கர்த்தர் கற்பித்த ஜெபத்தில், பிறர் பிழையைப் பொறுப்பது பற்றிய வரி வரும்போது அவள் வாயை மூடிக்கொண்டாள். சரோன் கவனித்துவிட்டாள்.

"ஏம்மா அந்த எடத்துல மட்டும் முழுங்குறீங்க?"

"ஆண்டவருகிட்டப் பொய் சொல்லக் கூடாதுல்ல. பொறுக்கல. பொறுத்தேன்னு எப்புடிச் சொல்றது?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தாயும் மகளும் சந்தியில் அந்தோனியார் கெபிக்கு மெழுகுவர்த்தி வைக்கப் போனார்கள். இவள் கும்பிட்டு முடித்துத் திரும்பினால், சரோன் அந்தோனியாருக்கு நேராகக் கைப்பேசியை நீட்டிக்கொண்டிருக்கிறாள்.

"என்னாடி இது, அந்தோனியாருக்கு முன்னாடி போன நீட்டுற?"

"முட்டம்மா."

"என்னாது?"

"முட்ட கேம். இந்தா, இந்த எடத்துல ஒரு முட்ட இருக்கு பாருங்க. இங்க வந்து நின்னாத்தான் தெரியும், வீட்டுல இருந்தா தெரியாது. அமுக்குனா நமக்கு." அவள் அமுக்கினாள். நீல முட்டை ஒன்று உடைந்து ஏதோ உள்ளே விழுந்தது. "பஸ் ஸ்டாண்டு, போஸ்ட் ஆபீஸ், போதி மரம், கிரவுண்டு, ஆத்துப் பாலம், எல்லா எடத்துலயும் இருக்கு. நம்ம கணக்கப்பிள்ளைதான் இதுல பெரிய ஆளு. பாருங்க, எனக்கு முன்னாடி எடுத்தது அவருதான். யோகா கிங். வெள்ளிக்கெழம, ஏழு நாப்பது."

ஏஞ்சலின் கைப்பேசியைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் பேரும் நாளும் நேரமும் வாசிக்க அது போதும். முட்டை எடுத்தவர்களின் பேர் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பத்து இருந்தது. புதிதாக ஒருவர் எடுத்தால் அவர் பேர் மேலே ஏறும், அடியில் இருக்கிற பத்தாவது பேர் விழுந்துவிடும்.

"காலையில ஏழு நாப்பதுக்கு இவரு மரத்துலல்ல நிக்கணும்?"

"ஆமா."

"அப்ப அந்தச் செவ்வாக்கெழம ஏழேகாலுக்கு?"

சரோன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்படி ஒரு முகத்தை அவள் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

கெபியின் பட்டியலில் செவ்வாய்க்கிழமை இல்லை. பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் எடுத்து அது கீழே போய்விட்டது. மற்ற இடங்களை நேரில் போய் நின்றுதான் பார்க்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரோனுக்கு மேலதிக வேலை இருந்தது. தன்னுடைய பழைய கைப்பேசியில் அந்த விளையாட்டை இறக்கி, அம்மாவின் பேரையும் அதில் பதிந்து கொடுத்து, பத்துத் தடவை பாடம் சொன்னாள்.

"செவ்வாக்கெழம பேரக் கண்டா, இந்த ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்குங்க. படம் விழுந்துரும். வேற ஒண்ணும் செய்யாதீங்க."

பூசை முடிந்ததும் ஏஞ்சலின் குடையை விரித்துக்கொண்டு புறப்பட்டாள். பஸ் ஸ்டாண்டில் இல்லை. போஸ்ட் ஆபீசில் இல்லை. போதி மரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தாள், இல்லை. மைதானத்தில் இல்லை. கடைசியாக ஆற்றின் இரும்புப் பாலம். ஊரைத் தாண்டி ஒதுங்கியிருக்கிற இடம், முட்டைக்காக அவ்வளவு தூரம் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பாலத்தின் நடுவில் நின்று கைப்பேசியைப் பார்த்தாள்.

பத்தாவது பேர், கடைசிப் பேர்: யோகா கிங். அதே செவ்வாய், தேதியோடு. ஏழு பதினைந்து.

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "மாதாவே" என்றாள். பட்டியலுக்கு மேலே முட்டை நிறைந்து பளபளவென்று ஆடிக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருடம் மரம் மரமாகப் போய்ப் பால் நிறைந்த சிரட்டையை வாளியில் ஊற்றிப் பழகிய கை அது. நிறைந்த சிரட்டையைக் கண்டால் எடுக்காமல் தாண்டாது. மழை வந்தாலும் பாம்பு கிடந்தாலும் எடுக்கும். அந்தக் கை இவளைக் கேட்கவில்லை. விரல் போய் முட்டையைத் தொட்டது.

முட்டை உடைந்தது. பட்டியலின் உச்சியில் 'ஏஞ்சலின்' என்று ஏறியது. அடியில் இருந்த செவ்வாய்க்கிழமை விழுந்து எங்கேயோ போய்விட்டது.

பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் வெகுநேரம் நின்றாள். ஆற்றைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையாலேயே கன்னத்தில் ஓங்கி ஒரு அறை வைத்துக்கொண்டாள். லட்சுமி மட்டும் அங்கே இருந்திருந்தால் ஒரு வருடத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பாள்.

லட்சுமி பக்கத்துக் காம்பராக்காரி. வாய் நீளம், மனசு நல்லது. விஷயத்தைக் கேட்டதும் நிஜமாகவே சிரித்தாள்.

"கள்ளனப் புடிச்சுக் கட்டி வச்சிட்டு, கயித்த நீயே அவுத்து விட்டியாக்கும். விடு ஏஞ்சலின், சாமி பாத்துக்கும்."

"சாமி பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு. நானும் பாக்கணும்."

அதன் பிறகு அவள் அவசரப்படவில்லை. ஐந்து ஞாயிற்றுக்கிழமை விடாமல் பாலத்துக்குப் போனாள். முட்டையைத் தொடாமலிருக்க வலது கையில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டு, இடது கையால் படம் எடுத்தாள். திங்கள், ஏழு பதினாறு. புதன், ஏழு பதினைந்து. வெள்ளி, ஏழு பதினாலு. ஏழு மணிக்கு அங்கே புது முட்டை விழும், முதலில் போகிறவருக்குத் தங்க முட்டை என்று சரோன் சொன்னாள். ஆறு மணிக்குப் பேர் கூப்பிட்டுவிட்டு, மேல்கணக்குக்கு மரம் பார்க்கப் போகிறேன் என்று மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போகிறவன் போகிற இடம் இதுதான்.

"இத அப்புடியே தொரைகிட்டக் காட்டும்மா" என்றாள் சரோன்.

"என் போனு மச்சான்கிட்ட இருந்துச்சும்பான். பேரத்தான புடிச்சிருக்கோம், ஆளப் புடிக்கலியே."

புல் அடிக்கிறபோதும் கான் வெட்டுகிறபோதும் அவளுக்கு இதே நினைவுதான். மழை நாளில் உடம்பு நனைந்தாலும் உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் பிரட்டுக்குப் போகவில்லை. நோய் என்று சொல்லி அனுப்பவும் இல்லை. விடியும்போதே மூன்று மைல் இறங்கி, ஊரைத் தாண்டி, ஏழு மணிக்கு முன்பே பாலத்தில் குடையோடு நின்றாள்.

மோட்டார் சைக்கிள் வந்தது. யோகராஜ் இறங்காமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு கைப்பேசியை எடுத்தான். விரல் போட்டான். சிரித்தான். நிமிர்ந்தபோதுதான் நான்கு அடி தள்ளி நிற்கிறவளைக் கண்டான்.

"ஏஞ்சலின்? இங்க என்னா செய்ற? வேலைக்குப் போகல?"

"போகலீங்க ஐயா. பேரு குடுக்கல. இன்னைக்கு எனக்குச் செக்ரோல்ல ஒண்ணும் விழாது." அவள் தன் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள். அவன் வண்டியும் அவனும் பாலமும் படத்தில் தெளிவாக இருந்தன. "நீங்க பேரு போட்டுட்டு வந்திருக்கீங்க. மேல்கணக்குல மரம் பாக்குறதா."

அவன் முதலில் சத்தம் போட்டுப் பார்த்தான். "ஒரு அவசர வேலையா வந்தேன், அதுக்கென்னா இப்ப? பெரிய சிஐடி மாதிரி நிக்கிற." அவள் மற்றப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். திங்கள். புதன். வெள்ளி. ஐந்து வாரம். அவன் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. இதற்கு முன்பிருந்த கணக்கப்பிள்ளையைத் துரை வேலையை விட்டு நிறுத்தியது, வேலை நேரத்தில் இப்படிச் சுற்றியதற்குத்தான்.

"அக்கா" என்றான். ஆறு வருடத்தில் முதல் தடவை. "அக்கா, நான் பிள்ளகுட்டிக்காரன். ஒங்க மரத்த நாளைக்கே தாறேன். கத்தியும் தாறேன். தொரைகிட்ட மட்டும் போயிறாதீங்க."

"போகல தம்பி." அவளும் 'ஐயா' என்கிற சொல்லை அங்கேயே ஆற்றில் போட்டுவிட்டாள். "நானா வாய் தொறந்து தொரைகிட்டச் சொல்ல மாட்டேன், மாதா மேல சத்தியம். மரத்தக் குடுங்க. அப்புறம் இன்னொண்ணு. நாளைக் காலையில எல்லாரு பேரும் கூப்புட்டு முடிச்சுட்டு, ஒங்க பேரையும் நீங்களே கூப்புடணும். அரைப்பேருன்னு. எங்களக் கூப்புடுவீங்கல்ல, அந்தச் சத்தத்துல."

"வெளையாடாதீங்க."

"நான் எங்க வெளையாடுறேன்? நீங்கதான வெளையாடுறீங்க. நான் சில்லறை வேலையில கெடந்த அத்தன நாளுக்கும் கூப்புடணும்."

அது எத்தனை நாள் என்று அவன் கேட்கவில்லை. "சரிங்க்கா, சரிங்க்கா" என்று வண்டியைத் திருப்பினான்.

சனிக்கிழமை பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டான். "ஏஞ்சலின், மேல்கணக்கு, பால்வெட்டு" என்றதும் சனம் ஒன்றையொன்று பார்த்தது. சுதர்சனுக்குப் புல்வெட்டு விழுந்தது. எல்லாம் முடிந்து செக்ரோலை மூடப்போனவன், கொஞ்சம் நின்றான். ஏஞ்சலின் முன்வரிசையில் அமைதியாக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பூசையில் பிரசங்கம் கேட்கிற முகத்தோடு.

"யோகராஜ்... நேத்து அரைப்பேரு."

"யாருங்க ஐயா? காதுல விழல" என்றாள் லட்சுமி.

"யோகராஜ், நேத்து அரைப்பேரு!"

சிரிப்பு கிளம்பி லயம் வரைக்கும் போனது. "மத்த அரை எங்கங்க ஐயா, பாலத்துல வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்று லட்சுமி கேட்டாள். காய்ச்சலோடு அரைப்பேர் வாங்கிய ஜெயம்மா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். முடிந்தது என்று நினைத்து அவன் பெருமூச்சு விட்டபோது, ஏஞ்சலின் கத்தியை வாங்கிக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"நாப்பத்தொரு நாளு தம்பி. இன்னும் நாப்பது இருக்கு."

அவன் கூப்பிட்டான். திங்கள் கூப்பிட்டான், செவ்வாய் கூப்பிட்டான். ஐந்தாவது நாள் லயத்துப் பிள்ளைகள் அவனுக்கு 'அரைப்பேர் ஐயா' என்று பட்டம் வைத்தார்கள். பத்தாவது நாள் அவன் மனைவி விஜயகலா பீலிக்குத் தண்ணீர் எடுக்க வருவதை நிறுத்தினாள். மறுநாள் ஏஞ்சலின் காம்பராவுக்கு வந்து வாசலில் நின்றாள்.

"போதும்க்கா. மனுசன் சோறு திங்கிறதில்ல."

"உள்ள வாம்மா. தேத்தண்ணி குடி." ஏஞ்சலின் ஊற்றிக் கொடுத்தாள், சீனியும் போட்டாள். "நாளைக்கு என்கூட மரத்துக்கு வா. ஒன் தம்பி எறக்குன காயம் மொத்தம் நூத்திப் பத்தொன்பது. அந்தப் பட்ட திரும்பி வளர ஏழு வருசம் ஆவும். நான் கேட்டது ஏழு வருசமில்ல. நாப்பத்தொரு நாளு."

விஜயகலா தேநீரை முழுக்கக் குடிக்காமல் எழுந்து போனாள். அன்று இரவு ஜெபத்திலும் ஏஞ்சலின் அந்த வரியைச் சொல்லவில்லை. சொல்லாததைப் பற்றி அவளுக்கு வருத்தமும் இல்லை. ஆண்டவருக்கு அவள் மனசு தெரியும். மறைத்தால்தானே குற்றம்.

பதினேழாம் நாள், எப்போதாவது ஒரு தடவை பிரட்டுக்கு வருகிற சின்னத் துரை அன்று பார்த்து வந்துவிட்டார். யோகராஜ் பேர்களைக் கூப்பிட்டான். கடைசியில் நிறுத்தினான். துரையைப் பார்த்தான், ஏஞ்சலினைப் பார்த்தான். இன்றைக்கு மட்டும் விட்டுவிடுங்கள் என்று அவன் கண் கெஞ்சியது எல்லோருக்கும் தெரிந்தது. அவள் இமைக்கவில்லை.

"யோகராஜ்... நேத்து அரைப்பேரு."

துரைக்குத் தமிழ் அரைகுறைதான், ஆனால் அரைப்பேர் புரியும். "ஏ மொகத?" என்றார். அது என்ன என்று சிங்களத்தில் கேள்வி. அவர் முன்வரிசையைப் பார்த்தார். முன்னால் நின்றவள் ஏஞ்சலின். அவளிடமே கேட்டார்.

சும்மா விளையாட்டுக்கு, மஹத்தயா, என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் அவரும் சிரித்துவிட்டுப் போயிருப்பார். யோகராஜின் உதடுகூட அந்த வார்த்தையை அவளுக்கு எடுத்துக் கொடுப்பதுபோல அசைந்தது. ஏஞ்சலின் யோசித்தாள். யோசித்தது உண்மை. கொட்டகையில் வாளியோடு நின்ற அந்த வெள்ளிக்கிழமை அவள் கண்முன் வந்து நின்றது.

"எயாகென்ம அஹன்ன, மஹத்தயா" என்றாள். அவரிடமே கேளுங்கள் ஐயா.

சத்தியமும் கெடவில்லை. பொய்யும் சொல்லவில்லை.

துரை அவனை அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார். இரண்டு மணி நேரம் கழித்து மேல்கணக்குக்கு நடந்து வந்தார். ஏஞ்சலின் வெட்டிக்கொண்டிருந்த மரத்துக்குப் பக்கத்து மரத்தில், ஆறி வீங்கிய காயத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவள் நின்ற இடத்திலிருந்து நிமிரவில்லை. கத்தி பட்டை மேல் ஒரே ஓட்டமாக ஓடியது.

யோகராஜின் கணக்கப்பிள்ளை வேலை போனது. கீழ்க்கணக்கில் பால் வண்டியோடு போய் வருகிற வேலை கொடுத்தார்கள். அங்கே ஒரு வயதான கங்காணி இவன் பேரைக் கூப்பிடுகிறார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெஹியோவிட்ட பஸ் ஸ்டாண்டில் ஏஞ்சலின் பூசை முடிந்து நின்றாள். அவன் பிள்ளைகளுக்குப் பால்மாப் பைக்கற்று வாங்கிக்கொண்டு வந்தான். இவளைக் கண்டதும் பெஞ்சில் இடம் விட்டு எழுந்து நின்றான். உடம்பு இளைத்திருந்தது.

"அக்கா, பூசைக்கு வந்தீங்களா?"

"ஆமா தம்பி. பிள்ளைங்க நல்லா இருக்குதா?"

"இருக்குதுங்க்கா." கைப்பேசியை எடுத்துக் காட்டினான். "அந்த கேம அழிச்சிட்டேன். போன்லயே இல்ல. நான் செஞ்சது தப்புத்தான். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

அவளுடைய பஸ் வந்து நின்றது. ஏஞ்சலின் குடையை மடக்கி, சேலையைச் சரிசெய்து, படியில் ஒரு காலை வைத்தாள். கோழியை விரட்டுகிற அதே மெல்லிய குரலில் சொன்னாள்:

"வச்சுக்காம எப்புடி தம்பி? இன்னும் இருபத்தி நாலு நாளு இருக்கே."